கழுத்துக்குப் பதிலாகக் கத்தி

எந்தப் பொருளையும் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசிக்காமல் நான் வாங்கியதில்லை. வீட்டுக்கு ஒரு மின்விசிறியைத் தெரிவு செய்ய ஒரு வெயில் காலம் முழுவதையும் செலவழித்தேன். விசிறியைக் கொண்டுவந்து பூட்டிய கிழமை மாரி மழை தொடங்கியது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஓர் அலுவலகத்தில், கப்பலில் வரும் சரக்குகளைச் சரிபார்த்துப் பதியும் எழுதுவினைஞன் நான். இந்தக் கவனம் தொழில் எனக்குத் தந்த தகைமை என்று நம்பியிருந்தேன். மனைவி அதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள். ஆகவே, மகளுக்கு ஒரு சவரக்கத்தி வாங்கிப் பரிசளிக்கப் போகிறேன் என்று நான் அறிவித்தபோது அவள் முதலில் கேட்டது, "எந்த வருசம்?" என்பதுதான்.

மகளுக்கு எதற்குச் சவரக்கத்தி என்று கேட்பீர்கள். கணக்கியல் படிக்கப் போனவள் அதை நடுவழியில் விட்டுவிட்டுக் கொழும்பில் முடி வெட்டவும் ஒப்பனை செய்யவும் பழகினாள். ஊருக்குத் திரும்பி, பெண்கள் சலூன் ஒன்றில் வேலை செய்தாள். போன வருடம் ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அப்பா, நான் சொந்தமா ஒரு சலூன் திறக்கப் போறன். ஆம்பிளையளுக்கும் சேர்த்து."

மனைவி அகப்பையைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டாள். அன்று பின்னேரமே மனைவியின் அண்ணன் வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டில் ஒரு பால் பொங்கி வழிந்தாலும் அவருக்குத் தகவல் போய்விடும்.

"பொம்பிளைப் பிள்ளை ஆம்பிளையளின்ர தாடையில கை வைக்கிறதோ, மச்சான்?" என்று கேட்டார்.

அவர் வாயால் சொன்ன காரணம் அது. சொல்லாமல் விட்ட காரணம் ஒன்றும் இருந்தது. இந்தத் தொழிலை யார் செய்யலாம், யார் செய்யக் கூடாது என்று எங்கள் சனம் காலங்காலமாகப் பிரித்து வைத்திருக்கும் கேவலம் அது. அதுவும் அன்று எங்களோடு ஒரு கதிரை போட்டு இருந்தது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

நான் எழுந்தேன். உண்மையாகவே எழுந்து நின்றேன். எந்தத் தொழிலும் தொழில்தான் என்றேன். கத்தியைப் பிடிக்கும் கை ஆணா பெண்ணா என்று தாடிக்குத் தெரியுமா என்று கேட்டேன். காலம் மாறிவிட்டது, நாங்களும் மாறத்தான் வேண்டும் என்று முடித்தபோது என் குரல் எனக்கே பிடித்துப் போயிற்று. அதனால் அதை அங்கோடு நிறுத்தவில்லை. அலுவலகத்தில் பேசினேன், தேத்தண்ணிக் கடையில் பேசினேன், ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் பாயசம் வரும் வரைக்கும் பேசினேன். உங்களைப் போல ஒரு தகப்பன் கிடைக்கக் கொடுத்து வைக்க வேணும் என்று இரண்டொருவர் சொல்லவும் செய்தார்கள். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பேச்சால் சலூன் ஓடாது என்பது மகளுக்குத் தெரிந்திருந்தது. துறைமுக வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடையை எடுத்து, கையிலிருந்த சேமிப்பு முழுவதையும் கதிரைக்கும் கண்ணாடிக்கும் போட்டுவிட்டாள். தாயைச் சமாதானப்படுத்த ஒரு வாக்கும் கொடுத்திருந்தாள். தைப்பொங்கலுக்கிடையில் ஆண்கள் வந்து அந்தக் கதிரையில் இருக்கவில்லையென்றால், கடையைப் பூட்டிவிட்டு மாமா பார்த்து வைத்திருக்கும் காப்புறுதி அலுவலக வேலைக்குப் போவாள். அவளுக்கு அந்த வேலை என்றாலே முகம் கறுத்துவிடும்.

"முதல் ஆள்தான் கஷ்டம்," என்றாள். "ஒருத்தர் வந்து இருந்திட்டாக் காணும். அதுக்குப் பிறகு மற்றவையள் தானா வருவினம்."

"முதல் ஆள் வீட்டுக்குள்ளயே இருக்கிறாரே," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு என் தாடியைப் பார்த்தாள்.

இந்தத் தாடியைப் பற்றி இப்போதே சொல்லிவிடுவது நல்லது. எனக்குத் தாடை என்று ஒன்று இல்லை. கீழுதட்டுக்குக் கீழே முகம் சொல்லாமல் கொள்ளாமல் கழுத்தாகிவிடும். கலியாணம் முடிந்த அடுத்த வருடம் தாடி வளர்த்தேன். அது அடர்ந்ததும் பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாதவர்கள் என்னை "சேர்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பாடசாலை அதிபர் என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து இடம் தந்தார்கள். அந்த மரியாதை முழுக்க மயிருக்குரியது என்று தெரிந்தும் அதை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். மகள் பிறந்த நாளிலிருந்து இந்தத் தாடியைத்தான் பார்த்து வளர்ந்தவள்.

தாடியை எடுக்காததற்கு இரண்டாவது காரணம் இதைவிடக் கேவலமானது. எனக்குக் கத்திப் பயம். வேறொருவர் கையில் இருக்கும் கூரான பொருள் என் தொண்டைக்குக் கிட்ட வந்தால் முழங்கால் கழன்றுவிடும். தலைமயிர் வெட்டப் போனால், பிடரியை வழிக்கக் கத்தி எடுக்கும் கட்டத்தில் "அது வேண்டாம்" என்று எழும்பி வந்துவிடுவேன். பிடரி மயிரை மனைவி குசினிக் கத்தரிக்கோலால் நறுக்கி விடுவாள். தாடியை நானே கண்ணாடி பார்த்துக் கத்தரிப்பேன். கத்தியைப் பிடிக்கும் கை ஆணா பெண்ணா என்று தாடிக்குத் தெரியுமா என்று ஊர் முழுக்கக் கேட்டவன் கதை இதுதான்.

ஆகவே மனைவி என் தாடியைப் பார்த்ததும் நான் அவசரமாக ஒரு அறிவிப்புச் செய்தேன். தொழிலைத் தொடங்கும் பிள்ளைக்கு முதல் சவரக்கத்தியைத் தகப்பன்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றேன். கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் சாமான் இல்லை, பிடிக்குள் மடிந்து கிடக்கும் அசல் கத்தி என்றேன். அப்படி ஒரு வழக்கம் எங்கேயும் இல்லை. அந்த நிமிடத்தில் நான் உண்டாக்கியது.

"கழுத்தைக் கேட்டாக் கத்தியைக் குடுக்கிறார்," என்று மனைவி சொல்லிக்கொண்டு எழும்பிப் போனாள்.

பிறகு வாசிக்கத் தொடங்கினேன். சவரக்கத்தியைப் பற்றி இவ்வளவு இருக்கிறது என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பழகுபவருக்கு நுனி வளைந்த கத்திதான் நல்லது, கூர் நுனி காதைக் கிழித்துவிடும். அலகு மிக அகலமாக இருந்தால் மூக்குக்குக் கீழே நுழையாது, மிக ஒடுங்கியிருந்தால் நுரை வழிந்து கையில் இறங்கும். அலகின் இரண்டு பக்கமும் உள்வாங்கிக் குடைந்திருந்தால் சருமத்தில் படும்போது கைக்கு விளங்கும். தோல் வாரில் தீட்டுவது எப்படி, எந்தப் பக்கம் இழுப்பது, எந்தப் பக்கம் இழுத்தால் வார் இரண்டாகும் என்பதையெல்லாம் அலுவலக மதிய இடைவேளைகளில் பார்த்து முடித்தேன். பார்க்கும்போதே தொண்டையை ஒரு கையால் மூடிக்கொண்டுதான் பார்த்தேன்.

கடைசியில் இரும்பு பற்றிய கேள்வி வந்தது. துருப்பிடிக்காத உருக்கு ஒன்று, துருப்பிடிக்கும் உருக்கு மற்றது. கடற்கரை ஊர்க்காரருக்கும் பழகுபவருக்கும் முதலாவதுதான் ஏற்றது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எங்கள் படலைக்கு நான் அடிக்கும் பெயின்ற் காயும் முன்பே அடியில் துரு கிளம்பும். துறைமுகக் காற்றின் குணம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் காணொளி ஒன்றில் ஒரு மனிதர், உண்மையான கூர் என்றால் துருப்பிடிக்கும் உருக்கில்தான் வரும் என்று சொல்லிக் கண்ணை மூடி ரசித்தார். அவருக்கு நெஞ்சு வரைக்கும் தாடி. நெஞ்சு வரைக்கும் தாடி வைத்த ஒருவர் சவரம் பற்றிச் சொன்னதை நான் ஏன் நம்பினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

திருகோணமலையில் அப்படிப்பட்ட கத்தி கிடைக்கவில்லை. லீவு போட்டுவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறினேன். புறக்கோட்டையில் சலூன் சாமான் விற்கும் ஒரு கடைக்காரர், நான் கேட்டதைக் கேட்டுவிட்டு உள்ளே போய், தூசி தட்டி இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்.

"யாருக்கு சேர்?"

"புதுசாப் பழகுற ஆளுக்கு."

"மகனுக்கா?"

"மகளுக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். சலூன் வேலைக்கு என்றேன். "அதுக்குன்னா சேர், வேற..." என்று தொடங்கினார். எனக்குத் தெரியும் என்று கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டேன். நான் இவ்வளவு காலம் வாசித்தது விற்பனைக்காரரிடம் பாடம் கேட்கவா?

ஒரு கத்திக்குக் கறுத்த பிடி, கூர் நுனி. மற்றதற்கு மான் கொம்பு நிறத்தில் பிடி, வளைந்த நுனி. வளைந்ததைக் கையில் எடுத்து, வாசித்திருந்தபடி என் இடக்கை மயிரில் வழித்துப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் வழித்தது. சந்தோசத்தில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வழித்துவிட்டேன். அந்த உற்சாகத்தில், எந்தக் காரணம் கொண்டும் செய்யாதே என்று எல்லோரும் எழுதியிருந்த ஒன்றையும் செய்தேன், கூர் ஓரத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தேன். கடைக்காரர் பஞ்சு எடுத்துத் தந்தார். ஒரு கை மொட்டையாகவும் ஒரு விரலில் கட்டோடும் ஊர் திரும்பினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இறங்கும் வரைக்கும் என் இடக்கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கத்தியை நேரே கையில் கொடுத்தால் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பகை வரும் என்பதால், மேசையில் ஒரு வெற்றிலையை வைத்து அதன்மேல் பெட்டியை வைத்தேன். மகள் எடுத்துத் திறந்தாள். விரித்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பினாள்.

"சரியான வடிவப்பா," என்றாள். அவள் சொல்ல வேறு ஏதோ மிச்சம் இருந்தது.

"சொல்லு பிள்ளை."

"அப்பா, சலூனில இது பாவிக்க ஏலாது. ஆளுக்கு ஆள் புது பிளேட் மாத்த வேணும். இல்லாட்டி சுகாதாரப் பரிசோதகர் வந்து பூட்டிப்போட்டுப் போயிடுவார். பிளேட் மாத்துற கைபிடி இருக்கு, அதைத்தான் எல்லாரும் பாவிக்கினம்."

கத்தியின் அலகு, நுனி, குடைவு, வார், தீட்டும் கல் எல்லாம் வாசித்தவன், சலூன்களில் எதைப் பாவிக்கிறார்கள் என்று மட்டும் வாசிக்கவில்லை. எந்தச் சலூனிலும் கத்தி வெளியே வரும் வரைக்கும் நான் இருந்ததில்லையே, எப்படித் தெரியும்?

"அப்ப இது ஒண்டுக்கும் உதவாதோ?" என்று கேட்டேன்.

"உதவும். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் எண்டு வைச்சுப் பாவிக்கலாம்." அவள் சிரித்தாள். "உங்களுக்கு வைச்சிருப்பம். முதல் சேவ் உங்களுக்குத்தான், இதாலதான்."

மனைவி குசினிக்குள் எதையோ கீழே போட்டுவிட்டு வெளியே வந்து என் பதிலுக்காக நின்றாள். நான் "பாப்பம்" என்றேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லின் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். மகளின் சிரிப்புக் கொஞ்சம் சுருங்கியது. அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

விசயதசமி காலையில் கடை திறப்பதாக முடிவு. நான் அடுத்த நாளே மாற்று ஏற்பாட்டில் இறங்கினேன். என்னோடு வேலை செய்யும் கிளிவெட்டி ஊர்க்காரத் தம்பி ஒருவர், கன்னத்தில் எப்போதும் நாலு நாள் மயிரோடு திரிபவர். முதல் ஆளாக வந்து இருக்க வேண்டும் என்று அவரைக் கேட்டேன்.

"அண்ணை கேட்டு இல்லையெண்டுவனே? கட்டாயம் வாறன்," என்றார். அவருக்குத் தேத்தண்ணியும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

சரஸ்வதி பூசைக்கு மகள் தன் கத்தரிக்கோல்கள், சீப்புகள், மயிர் வெட்டும் மெசின் எல்லாவற்றையும் உறைக்குள் வைத்துக் கட்டி, உறையின்மேல் மட்டும் ஒரு பொட்டு வைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்கினாள். என் கத்தியை அப்படிப் பொதிந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. விரித்து வைத்தேன். சந்தனத்தைக் குழைத்து அலகில் நீளத்துக்குப் பூசினேன், மேலே குங்குமம் வைத்தேன், நனைந்த செவ்வரத்தம் பூ ஒன்றைச் சாத்தினேன், போதாதென்று தண்ணீரும் தெளித்தேன். பூசையில் வைத்த பொருளை விசயதசமி வரைக்கும் தொடக் கூடாது என்பதால் யாரும் தொடவில்லை.

விசயதசமி காலையில் பூவை எடுத்தபோது அதன் இதழ்கள் ஐந்தும் கத்தியில் துருவாகப் பதிந்திருந்தன. சந்தனம் காய்ந்து உதிர்ந்த இடமெல்லாம் செம்மண் நிறம். கூர் இருந்த ஓரம் பல்லுப் பல்லாகக் கிடந்தது. நான் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், கைக்குக் கீழே என் முகத்தில் பெரிய நிம்மதி. கத்தி இல்லையென்றால் சவரமும் இல்லை. நான் அதை வேண்டுமென்றே செய்தேன் என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். இல்லை, அவ்வளவு மூளை எனக்கில்லை. அந்தக் கத்தியால் இப்போது அவள் அரிசிச் சாக்கின் தையல் பிரிக்கிறாள்.

கடை வாசலில் வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றினோம். நல்ல நேரத்துக்குள் சனம் வந்து நிறைந்துவிட்டது. உறவினர்கள், அலுவலகக்காரர், அக்கம் பக்கத்துக் கடைக்காரர், எல்லோரும் பட்டுவேட்டியும் வெள்ளைச் சேர்ட்டுமாக. எங்கள் ஊர் வீதிகளில் மாடு போலத் திரியும் மான்களில் ஒன்று வந்து வாசல் வாழையிலையை இழுத்துத் தின்னத் தொடங்க, அதை விரட்டுவதற்கு ஒருவரை நிறுத்தினோம். கிளிவெட்டித் தம்பியும் வந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன்.

கன்னம் இரண்டும் பளபளவென்று மின்னின.

"தம்பி, சேவ் எடுத்துப்போட்டோ வந்தனீர்?"

"ஓமண்ணை. பூசை வீடு, நல்ல காரியம். மயிரோட வரலாமோ?" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் திரும்பி மற்றவர்களைப் பார்த்தேன். மச்சான் பளபள. அலுவலக மேலாளர் பளபள. பேக்கறிக்காரர், பாமசிக்காரர், எங்கள் ஒன்றுவிட்ட சொந்தங்கள் அத்தனை பேரும் முதல் நாளே தலைமயிர் வெட்டி, விடிய எழும்பி, குளித்து, முகம் வழித்து, பவுடர் போட்டு வந்திருந்தார்கள். நல்ல காரியத்துக்கு வேறு எப்படி வருவார்கள்? சவரம் செய்யும் கடையைத் திறக்க ஊரையே அழைத்தோம், ஊர் முழுக்கச் சவரம் செய்துகொண்டு வந்து நின்றது. இவ்வளவு யோசித்த எனக்கு இதை யோசிக்கத் தோன்றவில்லை. அந்த இடத்தில் முகத்தில் வழிக்க மயிர் உள்ள ஒரே ஆண்பிள்ளை நான்தான், மானைக் கணக்கில் எடுக்காவிட்டால்.

பூசை முடிந்தது. அவலும் கடலையும் கொடுத்தோம். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். கண்ணாடிக்கு முன்னால் புதுக் கதிரை வெறுமையாக இருந்தது. மகள் அதன் பக்கத்தில் நின்று ஒரு துவாயை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். ஆட்கள் கதிரையைப் பார்ப்பதும் தாடையைத் தடவுவதுமாக நின்றார்கள். சிலர் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். சிலருக்கு அது வசதியாகப் போயிற்று.

கண் கலங்கி நின்ற மனைவியின் பக்கத்தில் மச்சான் போய், மெதுவாகத்தான் சொன்னார். "சரி, அழாத. அந்த வேலை விசயமா நாளைக்குக் கதைப்பம்."

மெதுவாகச் சொன்னாலும் சின்னக் கடை. மகளுக்குக் கேட்டது. அவள் மாமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பார்த்த உடனேயே, நான் சங்கடப்படக் கூடாது என்று முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டாள்.

அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் போயிற்று. கேட்டிருந்தால் "பாப்பம்" என்று சொல்லியிருப்பேன். என்னிடம் கேட்கக்கூடாது என்று அவள் பழகியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.  கடலை இருந்த கடதாசிச் சரையை யாரோ ஒருவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன்.

சனம் முழுக்கக் கண்ணாடிக் கதவில் வந்து ஒட்டியது. மகள் வெள்ளைத் துணியை என் கழுத்தில் கட்டினாள். எனக்கு ஒரு கடைசி நம்பிக்கை மிச்சம் இருந்தது.

"கத்தியெல்லோ துருப்பிடிச்சுப் போச்சு, பிள்ளை."

அவள் மேசை லாச்சியைத் திறந்து தன் கைபிடியை எடுத்தாள். புது பிளேட்டின் கடதாசியைக் கிழித்து அதில் பொருத்தினாள். கிளிக் என்று ஒரு சத்தம். என் முழங்கால் கழன்றது. நல்ல காலம், இருந்துகொண்டிருந்தேன்.

முதலில் கத்தரிக்கோலால் வெட்டினாள். இவ்வளவு காலமும் நான் வாங்கி வைத்திருந்த மரியாதையெல்லாம் கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. சுடுதண்ணித் துவாயைச் சுற்றினாள், நுரை போட்டாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து நாடியை நிமிர்த்தினாள்.

"அப்பா, கதைக்காதேங்கோ. ஆடாதேங்கோ. எச்சில் விழுங்கிறதெண்டா முதலே சொல்லுங்கோ, நான் எடுக்கிறன்."

கன்னத்தில் பிளேட் இறங்கியது. வலி இல்லை, ஒரு குளிர்ச்சி மட்டும். மற்றக் கன்னமும் முடிந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கதிரைக் கையைப் பிடித்திருந்தேன். பிளேட் தொண்டைக் குழியை நோக்கி வந்தது. விழுங்காதே என்று எனக்கு நானே சொன்னேன். சொன்ன அந்த நேரம் பார்த்து விழுங்கினேன்.

கை நின்றது. கண்ணைத் திறந்தேன். நுரையில் ஓர் இடம் ரோசாப்பூ நிறத்தில் பரவிக்கொண்டிருந்தது. மகளின் முகத்தில் இரத்தமே இல்லை.

"அப்பா..."

"நிப்பாட்டாத," என்றேன், உதடு அசையாமல். "துவாயை அதில வைச்சுக்கொண்டு மிச்சத்தை முடி. அவையளுக்குத் தெரியக் கூடாது."

அவள் முடித்தாள். எப்படி முடித்தாள் என்று தெரியாது, முடித்தாள். வெட்டில் இரத்தத்தை நிறுத்தும் சீனாக்காரக் கட்டியை வைத்து அழுத்தினபோது கண்ணில் தண்ணீர் பொங்கிவிட்டது. வெளியே நின்றவர்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள். நான் துவாயைத் தொண்டையில் பிடித்தபடி எழும்பித் திரும்பி எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். மனைவி என் முகத்தைக் கண்டுவிட்டு வாங்கில் குந்திச் சிரிக்கத் தொடங்கினாள், அவளால் நிறுத்த ஏலவில்லை. மச்சான் கிட்ட வந்து உற்றுப் பார்த்தார்.

"மச்சான், உங்கட தாடை எங்க?" என்று கேட்டார்.

"அது தாடியோட போயிட்டுது," என்றேன். அவரும் சிரித்துவிட்டார். அடுத்த கிழமை வருகிறோம் என்று நாலைந்து பேர் சொல்லிவிட்டுப் போனார்கள். பின்னேரம் வரைக்கும் வேறு யாரும் வரவில்லை. வர மயிரும் இல்லை.

கடையைப் பூட்டும் நேரம் நான் போனேன். மகள் அந்தக் கதிரையில் தானே இருந்து, கைபிடியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் ஆளையே வெட்டிப்போட்டனப்பா."

"நீ வெட்டேல்ல. நான்தான் விழுங்கினனான். நீ சொல்லியும் விழுங்கினனான்."

"நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவீங்கள்."

"உண்மையா, பிள்ளை. உன்ர கை ஆடவே இல்லை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் கண்ணை மூடிக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

 ஊர் முழுக்கப் பேசித் திரிந்த வாய், ஒரே ஒரு உண்மையைச் சொல்லி நம்பவைக்க வேண்டிய இடத்தில் உதவவில்லை. எத்தனை பேச்சை அந்த வாயிலிருந்து அவள் கேட்டிருப்பாள்.

"வேற ஆளெண்டா இண்டைக்கு என்ன நடந்திருக்கும்?" என்றாள். "எனக்கு இனி ஒருத்தற்ற கழுத்தில வைக்க ஏலுமோ தெரியாதப்பா. மாமா சொல்லுற வேலைக்கே போவமோ எண்டு கிடக்கு."

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வெளிக்கிட்டவன் அங்கே போகாமல் நேரே கடைக்குப் போனேன். கடைக்கதவு பாதி திறந்து கிடந்தது. மகள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வீதியில் எங்களைப் பார்க்க ஒரு மான்கூட இல்லை. நான் பையை மூலையில் வைத்துவிட்டுக் கதிரையில் ஏறி இருந்து தலையைப் பின்னால் சாய்த்தேன்.

"என்னப்பா?"

"சேவ் எடுக்க வந்தனான்."

அவள் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து என் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "வழிக்கிறதுக்கு ஒண்டுமே இல்லையே. நேற்றுத்தானே எடுத்தது."

"இருக்கிறதை வழி."

அவள் போய்க் கையைக் கழுவினாள். பிறகு லாச்சி திறக்கும் சத்தம் கேட்டது. கடதாசி கிழிந்தது. கிளிக். நுரையைத் தடவினாள். கன்னத்தைத் தொடாமல் நேரே தொண்டைக்கு வந்தாள், நேற்று வெட்டின இடத்துக்குப் பக்கத்தில். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. கண்ணாடியில் அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது. வாய் முழுக்க எச்சில் ஊறியது. அவள் வழித்து முடித்து பிளேட்டை எடுக்கும் வரைக்கும் நான் விழுங்கவில்லை.